கல் விடும் மூச்சுக்கு நாற்பது டப்பா

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பிழைக்கிற தொழில்களிலேயே பாவப்பட்ட தொழில், கண்ணுக்கும் தெரியாத மூக்குக்கும் தெரியாத ஒன்றைத் தேடிக்கொண்டு போய்த் தட்டுவதுதான். இன்சூரன்ஸ் பிடித்தவர்களே, ஜனத்தொகைக் கணக்கெடுத்தவர்களே, வீடு வீடாக சோப்புத்தூள் விற்றவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கையில் ஒரு ஃபாரமாவது பொட்டலமாவது இருந்தது. என் கையில் இருந்தது வெறும் டப்பா.

எழுபதுகளின் கடைசியில், பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்த கையோடு, செங்கல்பட்டில் ஒரு ஆபீசில் ஆறு மாதத் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். இயற்கைக் கதிர்வீச்சை அளக்கிற ஆபீஸ். பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ரேடான் என்று ஒரு வாயு கசிந்துகொண்டே இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. வெளியில் வந்தால் காற்றோடு போய்விடும். வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் நெஞ்சுக்கு ஆகாது. எந்த மாதிரி நிலத்தில் கட்டிய எந்த மாதிரி வீட்டில் அது எவ்வளவு சேர்கிறது என்று பார்க்கவேண்டும். அதற்காக நாற்பது வீடுகளைப் பொறுக்கி எடுத்து, வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் சணல் கயிற்றில் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவோம். டப்பாவுக்குள் ஒரு துண்டு ஃபிலிம், வாய்க்கு மெல்லிய துணி. தொண்ணூறு நாள் கழித்துக் கழற்றிக்கொண்டு வந்தால், ஃபிலிமில் விழுந்திருக்கும் புள்ளிகளை லேப்காரர்கள் மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்!

முதல் நாளே எங்கள் ஆபீசர் கறாராகச் சொல்லிவிட்டார். "நாற்பதில் முப்பத்தஞ்சு டப்பாவாவது உருப்படியா திரும்பி வரணும், மிஸ். வந்தா உங்க வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதுவேன். முப்பத்துநாலு வந்தா எழுத மாட்டேன்." சொன்னால் சொன்னதுதான் அவர். எனக்கோ அந்த வேலை உயிராகப் பிடித்துப்போயிருந்தது. ஜீப்பில் முன்சீட்டு, மடியில் மேப்பு, போகிற ஊரிலெல்லாம் "வாங்கம்மா, ஒக்காருங்கம்மா" என்கிற மரியாதை. இது போனால் வீட்டில் திண்டிவனத்து மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவருடைய அம்மாவுக்கு வேலைக்குப் போகிற மருமகள் ஆகாது. "ஆறு மாசம் பாப்போம், நிரந்தரம் ஆச்சுன்னா வேற பேச்சு" என்று அப்பா தவணை வாங்கி வைத்திருந்தார். ஆகவே நான் தொங்கவிட்ட ஒவ்வொரு டப்பாவிலும் என் உயிரும் சேர்ந்து தொங்கியது.

ஏரிக்குள் குடித்தனம்

எந்த வீட்டில் டப்பா மாட்டுவது என்பதை நாங்கள் குத்துமதிப்பாக முடிவு செய்யவில்லை. ஆபீசர் ரூம் சுவரில் பெரிய மண்ணியல் மேப்பு. கருங்கல் பூமிக்கு ரோஸ், கடற்கரை மணலுக்கு மஞ்சள், ஏரிவண்டலுக்குப் பச்சை. எங்கள் ஜீப்பில் கதிர்வீச்சுக்கு ஏற்றபடி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே வரும் ஒரு கவுண்ட்டர் உண்டு. அது எந்தெந்த ரோட்டில் எவ்வளவு அடித்தது என்பதையும் அதே மேப்பில் பென்சிலால் குறித்திருப்பார். இரண்டையும் வைத்து மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, நிறத்துக்கு இத்தனை என்று நாற்பது குண்டூசி குத்தினார்.

அதில் பதினேழாவது குண்டூசி செங்கல்பட்டு ஏரிக்கு நட்டநடுவில் நின்றது. "சார், அங்க தண்ணிதானே இருக்கு?" என்றேன். "பச்சையில ஒரு வீடு கட்டாயம் வேணும், மிஸ். கணக்குப்படி அங்கதான் வருது. போய்ப் பாருங்க" என்றார். ஆபீசர் சொன்னால் போகத்தானே வேண்டும்? டிரைவர் கன்னியப்பன் ஜீப்பைக் கொண்டுபோய் ஏரிக்கரையில் நிறுத்தினார். அவர் உள்ளூர்க்காரர், ஆபீசில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேப்பைப் பார்த்தார். பிறகு பவ்யமாகச் சொன்னார்:

"யம்மா, அய்யாவாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடு. வெரா மீனு வூடா, கெளுத்தி மீனு வூடா? வெரான்னா கொஞ்சம் ஆழத்துல கீது."

(பதினேழாம் டப்பாவைக் கரையோரத்து வீடு ஒன்றில் மாட்டிவிட்டு வந்தோம். ஆபீசர் குண்டூசியைச் சத்தமில்லாமல் நகர்த்திக் குத்திக்கொண்டார்.)

ஊரப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட்

ஊரப்பாக்கத்தில் ஒரு குண்டூசிக்கு ரயில்வேயில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டயரான ஒரு பெரியவர் வீடு வாய்த்தது. நல்ல மனிதர். நான் கொடுத்த குறிப்புத்தாளை மூன்று தடவை படித்து, சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டார். "இதுல எப்பம்மா அதிகமா வரும்?" என்று கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "காத்துப் போகாம அடைஞ்ச வீடா இருந்தா அதிகமா வரும் சார்" என்றேன். அங்கேதான் சனி பிடித்தது.

மனிதர் அதைப் பரீட்சை மார்க் என்று நினைத்துவிட்டார். மாட்டியது பங்குனியில். சித்திரை, வைகாசி, அக்கினி நட்சத்திரம் எல்லாம் அந்தத் தொண்ணூறு நாளுக்குள் வந்தது. அத்தனை நாளும் ஜன்னலெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் கோணி திணித்து வைத்திருந்தார். நான் கழற்றப் போனபோது, கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த அனல் என் முகத்தில் அடித்தது. வேர்த்து ஊற்றும் பனியனோடு நின்று, "எப்படி? ஊரப்பாக்கத்துல நாமதானே ஃபர்ஸ்ட்?" என்றார். கம்மியாக வந்தால்தான் நல்லது, எப்போதும் இருக்கிற மாதிரி இருந்தால் போதும் என்று நான் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. அந்த டப்பா செல்லாது என்று ஆபீசர் பிறகு தள்ளிவிட்டார். ஒன்று போயிற்று. ஆனால் அன்றைக்கு எனக்கு மறக்காதது, விசிறியும் கையுமாகப் பின்னால் வந்து நின்ற அவருடைய மனைவி சொன்னது:

"பள்ளிக்கூடத்துல வாங்காத மார்க்கை எல்லாம் என்னை வேகவச்சு வாங்கப் பார்த்தாரும்மா. நீ மொதல்ல அந்த ஜன்னலைத் தொற, மத்தது அப்புறம் பேசலாம்."

வெறும் பாத்திரம்

திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்துத் தெரு ஒன்று. கருங்கல் சுவர், கருங்கல் தரை. மேப்பில் அடர்த்தியான ரோஸ். ஆபீசர் நாக்கில் எச்சில் ஊறாத குறைதான். அந்தத் தெருவில் மட்டும் மூன்று குண்டூசி குத்தினார். மூன்று வீடும் அம்மணியம்மாள் என்கிற அம்மாள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. ஒன்று அவர் வீடு, ஒன்று தங்கை வீடு, மற்றது சம்பந்தி வீடு. நான் ரேடான், கதிர்வீச்சு என்று கால் மணி நேரம் விளக்கியும் அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கன்னியப்பன் குறுக்கே வந்து, "கல்லு மூச்சு வுடுதும்மா. எவ்ளோ வுடுதுன்னு பாக்கறாங்க" என்றார். "அப்படிச் சொல்லு, மலைன்னா மூச்சு விடாதா?" என்று உடனே காபி போடப் போய்விட்டார் அம்மாள். நான் படித்த பி.எஸ்ஸி. எதற்கு என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

தொண்ணூறு நாள் கழித்துப் போனோம். எங்களுக்கு வேலையே வைக்காமல், மூன்று டப்பாக்களையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கையில் கொடுத்தார். தூக்கினால் கனத்தது. திறந்து பார்த்தேன். ஒன்றில் வெங்காய வடகம், ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் எலுமிச்சை ஊறுகாய். மூன்றும் புளி போட்டுத் தேய்த்த மாதிரி பளபளத்தன. "உள்ள ஒரு ஃபிலிம் இருந்துதேம்மா? மேல துணி கட்டியிருந்ததே?" என்றேன். "ஏதோ காகிதத் துண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எண்ணெய் படுமேன்னு பிச்சுப் போட்டுட்டேன்" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அய்யோ, டப்பாவை அப்படியே தரக்கூடாதாம்மா!" என்று கத்தியே விட்டேன். அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்:

"ஏம்மா, அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுசா திருப்பித் தர்றது எந்த ஊர்ப் பழக்கம்? நாளைக்கு உங்க ஆபீசர் வீட்டம்மா எங்க தெருவைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

கும்பிடு வாங்கிய டப்பா

ஊறுகாய் அபாரம் என்பதை மட்டும் நன்றியோடு பதிவு செய்துவிட்டு மாமல்லபுரத்துக்குப் போகிறேன்.

அங்கே ஒரு சிற்பியின் வீடு. வாசலெல்லாம் பாதி செதுக்கிய சாமிகள். வீட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கவுண்ட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன். மணலில் மெதுவாக அடித்த டிக் டிக், ஒரு கருங்கல் பிள்ளையார் பக்கத்தில் போனதும் சுறுசுறுப்பானது. கருங்கல்லில் அப்படித்தான் அடிக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். சிற்பி பயப்படவேயில்லை. அவர் கண்ணில் வேறு ஒளி வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இந்தப் பொட்டியை எடுத்துக்கிட்டு வர முடியுமாம்மா? வெள்ளைக்காரங்க வர்ற நாளு. பிள்ளையார் பேசறாருன்னு காட்டலாம்" என்றார். சர்க்கார் சொத்து, கூடாது என்று சொல்லி, டப்பாவை மட்டும் உள்ளே மாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் போனால் ஆணி இருக்கிறது, டப்பா இல்லை. தாடியும் பாசிமணியும் போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்து, கூரையில் தொங்குவது என்ன என்று கேட்டாராம். சிற்பிக்கு ரேடானை இங்கிலீஷில் சொல்ல வரவில்லை. வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்: "சாமி." அவ்வளவுதான், அந்த மனிதர் அதைத் தரையில் விழுந்து கும்பிட்டு, கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். "என் வேலையே போகப்போகுதுங்க!" என்று நான் கையைப் பிசைந்தேன். சிற்பி என்னைவிடத் துக்கமாக இருந்தார்:

"உங்க கஷ்டம் இருக்கட்டும்மா. நான் ஆறு மாசமா செதுக்கின அம்மனை ஒருத்தன் திரும்பிப் பாக்கல, வந்தவன் நேரா உங்க டப்பாவைக் கும்பிட்டுட்டான். எனக்கு எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லுங்க!"

ஐந்து வீடு

ஆக, ஊரப்பாக்கத்தில் ஒன்று, திருக்கழுக்குன்றத்தில் மூன்று, மாமல்லபுரத்தில் ஒன்று. ஐந்து போயாயிற்று. இனி ஒன்று போனாலும் நான் திண்டிவனம். முப்பது டப்பா ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. பாக்கி ஐந்தும் நெம்மேலிப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்தக் குப்பத்தில் நாற்பத்தைந்து வீடு. ஆபீசரே நேரில் வந்து ஐந்தைப் பொறுக்கியிருந்தார். ஒன்று சிமெண்டுத் தரை, ஒன்று வெறும் மணல் தரை, ஒன்று மண்சுவர், ஒன்று ஓடு போட்டது, ஒன்று கவுண்ட்டர் கொஞ்சம் வேகமாக அடித்த கருமணல் திட்டின் மேல் இருந்தது. ஐந்திலும் ஐந்து விதமாக வரவேண்டும் என்பது அவர் கணக்கு. மாட்டுகிற அன்றைக்குக் குப்பத்துத் தலைவர், அவரை நாட்டார் என்பார்கள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அஞ்சு வூட்டுக்குத்தானா?" என்றார். "ஆமாங்க, அஞ்சு போதும்." "மீதி நாப்பது வூடு?" "அதுக்குத் தேவையில்லைங்க." அவர் கொஞ்சம் யோசித்தார். "செரி, நாங்க பாத்துக்கறோம், நீ போ" என்றார். சொன்னபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கழற்றப் போனபோது ஐந்து டப்பாவும் மாட்டிய அதே ஆணியில், துணி கிழியாமல், ஃபிலிம் கசங்காமல் தொங்கின. நான் மணலில் நின்று குதித்தே விட்டேன். கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு மீன்காரம்மா நின்று பார்த்தார்:

"இன்னாமா, ஒரு டப்பா கெட்சதுக்கா இம்மாம் ஆட்டம்? ஒங்கூட்ல ஜாமான் செட்டே இல்லியா?"

முடிச்சுக் கணக்கு

பதினைந்து நாளில் லேப் ரிப்போர்ட் வந்தது. ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். நிரந்தர ஆர்டர் பற்றித்தான் என்று தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "குப்பத்து அஞ்சு டப்பாவும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை, மிஸ். சிமெண்டுத் தரையும் மணல் தரையும் ஒண்ணா வருமா? உண்மையைச் சொல்லுங்க. அஞ்சையும் உங்க வீட்டிலேயே ஒரே ரூம்ல மாட்டி வச்சிருந்தீங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை போனால் போகட்டும், பொய்க்காரி என்ற பேரோடா போவது? "இப்பவே வாங்க சார், அந்த ஊர் ஜனங்களையே கேளுங்க" என்று அதட்டலாகவே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு ஜீப்பில் நெம்மேலி வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

நாட்டார் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். ஆபீசர் ஐந்து டப்பாவையும் கயிற்றோடு அவர் முன்னால் வைத்து, "இது அஞ்சும் அந்த அஞ்சு வீட்டிலதான் இருந்துதா?" என்றார். "இல்லியே" என்றார் நாட்டார். அவர் நிதானமாகத் தொடர்ந்தார். "மீன் புடிக்க கரவல போடறதுக்கே எங்களுக்குள்ள மொற வச்சித்தான் சார் போடுவோம். இன்னிக்கி அவன், நாளிக்கி இவன். சர்க்காரு குட்த்தது அஞ்சு டப்பா. அத்த அஞ்சு வூட்ல மட்டும் மாட்டிக்கினா, மீதி நாப்பது வூட்டுக்காரன் மூஞ்சில எப்டி முழிக்கறது? பஞ்சாயத்துல பேசினோம். தொண்ணூறு நாளு, நாப்பத்தஞ்சு வூடு. வூட்டுக்கு ரெண்டு நாளு. அஞ்சு டப்பாவும் அல்லா வூட்டுக்கும் போய் வந்துகீது. நீங்க வர்ற அன்னிக்கி மட்டும் பழய எடத்துல மாட்டி வச்சோம், ஒங்க மனசு கோணக்கூடாதுன்னு. சந்தேகமா கீதா? ஒவ்வொரு வூட்ட வுட்டுக் கெளம்பசொல்ல கவுத்துல ஒரு முடிச்சு போட்டுகீறோம். எண்ணிக்கோ." ஆபீசர் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து எண்ணினார். ஐந்து கயிறு, கயிற்றுக்கு நாற்பத்தைந்து முடிச்சு. குப்பமே சுற்றி நின்று அவரோடு சேர்ந்து சத்தமாக எண்ணியது.

எண்ணி முடித்து, ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "நான் மூணு மாசம் மேப்பை வச்சுக்கிட்டு அஞ்சு வீடு பொறுக்கினேன், மிஸ். எதுக்கு? அஞ்சை வச்சு மொத்தக் குப்பத்தையும் ஒருமாதிரி ஊகிக்கலாம்னுதான். இவங்க நாற்பத்தஞ்சு வீட்டையும் அளந்தே கொடுத்துட்டாங்க. அதுவும் அஞ்சு தடவை" என்றார். "அது கெடக்கட்டும் சார், எங்கூர்ல காத்து எப்டி கீது?" என்று கேட்டார் நாட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது, இருக்கிற எல்லா ஊரிலும் இங்கேதான் கம்மி என்றார் ஆபீசர். "இத்த தெரிஞ்சிக்கவா மூணு மாசம்? கடக்கரைல காத்துக்கு இன்னா கொறச்சல்? மொத நாளே என்னாண்ட கேட்ருந்தா சொல்லிருப்பேனே!" என்றார் நாட்டார். திரும்பும் வழியில் என் வேலை என்ன ஆகும் என்று கேட்க எனக்குப் பயம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும், ஆபீசர் முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே, "முப்பத்தஞ்சு, மிஸ். நாளைக்கு எழுதிடறேன். மத்தியானம் பேசினதுக்கு மன்னிச்சிருங்க" என்றார். நான் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். கன்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை:

"இன்னாமா நீ, போவசொல்ல வேல பூடும்னு அளுத, வரசொல்ல வேல கெட்ச்சிதுன்னு அளுவற. ஒன்ன நிரந்தரம் பண்ணா சர்க்காருக்கு கர்ச்சீப்பு செலவுதான் ஜாஸ்தி!"

இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று அப்பா திண்டிவனத்துக்குக் கார்டு போட்டுவிட்டார். நானோ அதற்கப்புறம் ரிட்டயராகும்வரை எத்தனையோ வீடுகளில் எதையெதையோ மாட்டிவிட்டு வந்தேன். ஆனால் நாம் எந்தத் திட்டம் போட்டு மாட்டினாலும் அது அந்த வீட்டு வழக்கப்படிதான் தொங்கும் என்பதைத் தவிர வேறு பௌதிகம் எதுவும் நான் புதிதாகக் கற்கவில்லை.